பூங்காவில் டிஸ்க் கால்ஃப்: காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

செட்டிநாட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அடுத்த மாதம் டல்லாஸ் போகிறவராகவோ, போன வாரம் நியூஜெர்சியிலிருந்து வந்து இறங்கியவராகவோ இருப்பார். அங்கே பிள்ளைகள் ஆபீஸ் போனதும் பெரியவர்களுக்குப் போக்கிடம் பக்கத்துப் பார்க்தான். அங்கே இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், நான் ஆடுகிறவன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மகள் வீடு அமெரிக்காவில் சார்லட் நகரில், பழகியது அங்கே. ஊருக்கு வந்தால் பொட்டலில் நாலைந்து பிள்ளைகளோடு ஆடுகிறேன், அதை வேடிக்கை பார்த்துக் கேட்கிறவர்கள் தனிக் கூட்டம். எல்லாருக்கும் போனில் ஒரே பதிலைச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே போட்டு வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"பார்க்குல அங்கங்க ஒரு கம்பம், சங்கிலி தொங்குது, கீழ ஒரு கூடை. அது என்னண்ணே, குப்பைத்தொட்டியா?"

இல்லை. வாழைப்பழத் தோலை அதில் போட்டுவிட்டு வந்தவர்கள் நம் ஆட்களில் உண்டு, அதனால் இதை முதல் கேள்வியாக வைத்தேன். அதுதான் இந்த ஆட்டத்தின் இலக்கு. கால்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவார்கள், இதில் டிஸ்க் என்ற பிளாஸ்டிக் தட்டைக் கையால் வீசி அந்தக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். சங்கிலி எதற்கு என்றால், வேகமாக வரும் டிஸ்க் அதில் மோதி வேகம் செத்துக் கீழே கூடைக்குள் விழத்தான். அந்தச் சலங்கைச் சத்தத்துக்கே பாதிப்பேர் இந்த ஆட்டத்துக்கு அடிமை.

ஒரு கோர்ஸில், அதாவது ஆடுகளத்தில், வழக்கமாக 9 கூடையோ 18 கூடையோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் இடம் ஒன்று, பெரும்பாலும் சிமெண்ட் திண்டு, அதற்கு டீ என்று பெயர். டீயிலிருந்து கூடை வரைக்கும் சேர்த்து ஒரு ஹோல். குழியே இல்லாவிட்டாலும் பெயர் ஹோல்தான்.

"உள்ள போக டிக்கெட்டா? யார்கிட்ட கேக்கணும்?"

பெரும்பாலான பொதுப் பூங்காக்களில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, காசும் இல்லை. நகராட்சியோ கவுண்டியோ (நம் மாவட்டம் மாதிரி) வைத்திருக்கும் பார்க். நடக்கிறவர்களுக்கு எவ்வளவு உரிமையோ ஆடுகிறவர்களுக்கும் அவ்வளவே. சில பெரிய பார்க்குகளில் காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, தனியார் நடத்தும் கோர்ஸ்களில் ஆளுக்குக் கட்டணம் உண்டு, வாசலிலேயே பலகை இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவர்களுக்கு கோல்டன் கேட் பார்க்குக்குள்ளேயே 18 ஹோல் இருக்கிறது. சார்லட்டில் ஹார்னெட்ஸ் நெஸ்ட் பார்க் பழைய, பேர்பெற்ற கோர்ஸ். உங்கள் பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று தெரிய யூடிஸ்க் என்ற செயலியில் பாருங்கள், வரைபடம், தூரம், போனவர்கள் கருத்து எல்லாம் அதில் வரும்.

"ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க, எப்படி ஆடுறது?"

டீயில் நின்று கூடையை நோக்கி வீசுங்கள். டிஸ்க் எங்கே விழுந்ததோ அங்கே போய், அதற்குப் பின்னால் நின்று மறுபடி வீசுங்கள். கூடைக்குள் விழும்வரை எத்தனை வீச்சோ அதுதான் அந்த ஹோலின் கணக்கு. கடைசியில் மொத்தக் கணக்கு யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார்.

டீ பக்கத்துப் பலகையில் ஹோல் நம்பர், தூரம், பார் மூன்றும் இருக்கும். தூரத்தை அடியில் போட்டிருப்பார்கள், 300 அடி என்றால் சுமார் 90 மீட்டர். பார் என்பது நன்றாக ஆடத் தெரிந்தவர் எத்தனை வீச்சில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்பு. பூங்காக் கோர்ஸ்களில் பெரும்பாலும் 3. அதைவிட ஒன்று குறைந்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி, முதல் வீச்சே கூடையில் விழுந்தால் ஏஸ். புதிதாக ஆடுகிறவர்கள் 3-க்கு 5, 6 எடுப்பது சாதாரணம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

யார் முதலில் என்று சண்டை வேண்டாம். டீயில், போன ஹோலில் குறைவாக எடுத்தவர் முதலில். அப்புறம் யாருடைய டிஸ்க் கூடையிலிருந்து ரொம்பத் தூரத்தில் கிடக்கிறதோ அவர். மற்றவர்கள் அதுவரைக்கும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் போய் நின்றால் தலையில் வாங்க வேண்டியதுதான்.

"பேரன் கடற்கரைல எறியிற பிளாஸ்டிக் தட்டு வீட்ல கெடக்கு. அது போதாதா?"

முதல் நாளைக்குப் போதும், எறிந்து பாருங்கள். ஆனால் அது காற்றில் மிதந்து நிற்கச் செய்தது, கால்ஃப் டிஸ்க் போய்ச் சேரச் செய்தது. சென்னை எலியட்ஸ் கடற்கரையில் பிள்ளைகள் அல்டிமேட் என்ற டிஸ்க் விளையாட்டு ஆடுவார்களே, அந்த டிஸ்க் 175 கிராம், அகலம் 27 சென்டிமீட்டர் சுமார். கால்ஃப் டிஸ்க்கும் கிட்டத்தட்ட அதே எடைக்கு வரும், ஆனால் அகலம் 21 சென்டிமீட்டர் பக்கம்தான், விளிம்பு கெட்டியாகவும் கூராகவும் இருக்கும். அந்தச் சாய்வு விளிம்பை 1983-ல் டேவ் டனிபேஸ் கொண்டுவந்த பிறகுதான் தூரம் கூடியது. அவரும் சேர்ந்து தொடங்கிய இன்னோவா கம்பெனி இன்றும் இந்தத் துறையில் பெரிய பெயர்.

டிஸ்க்கில் மூன்று வகை: புட்டர், மிட்ரேஞ்ச், டிரைவர். புட்டர் விளிம்பு மழுங்கல், மெதுவாக, நேராகப் போகும். டிரைவர் விளிம்பு அகலம், கூர், வேகமாக வீசினால்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கும். கடைக்குப் போனால் எல்லாருக்கும் கை டிரைவருக்குத்தான் போகிறது, கலரும் அதில்தான் நன்றாக இருக்கும். என் யோசனை: ஒரே ஒரு புட்டர் வாங்குங்கள், இரண்டு மாதம் அதையே எல்லாத் தூரத்துக்கும் எறியுங்கள். அமெரிக்காவில் சாதாரணப் பிளாஸ்டிக் புட்டர் பத்து டாலர் சுற்றில் கிடைக்கும்.

"டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டுருக்கான். லாட்டரிச் சீட்டு மாதிரி. அது என்ன?"

வேகம், மிதப்பு, திருப்பம், சாய்வு. முதல் நம்பர் வேகம்: அந்த டிஸ்க் ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பது. இரண்டாவது, காற்றில் எவ்வளவு நேரம் தாங்கும். மூன்றாவது, புறப்பட்ட வேகத்தில் வலப்பக்கம் எவ்வளவு திரும்பும். கழித்தல் குறி கூடக் கூடத் திருப்பம் அதிகம். நாலாவது, வேகம் அடங்கியதும் இடப்பக்கம் எவ்வளவு சாயும். வலம், இடம் என்று நான் சொல்வது வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, எறிகிறவருக்கு. இடதுகைக்காரர் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

இன்னோவாவின் ஏவியார் என்ற புட்டருக்கு 2, 3, 0, 1. அதே கம்பெனியின் டெஸ்ட்ராயருக்கு 12, 5, −1, 3. இரண்டாவதை நாமெல்லாம் எறிந்தால் 12-க்கு வேண்டிய வேகம் கையில் இல்லை, ஆக திருப்பமும் இல்லை மிதப்பும் இல்லை, கடைசி 3 மட்டும் வேலை செய்யும். கையை விட்டதும் இடப்பக்கம் போய் விழும். டிரைவர் வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். புட்டர் பழகி அலுத்தபின் லெப்பர்ட் மாதிரி ஒன்று (6, 5, −2, 1) வாங்கலாம், அதற்கு மேல் நம் வயதுக்குத் தேவைப்படாது.

"டிரைவர் இல்ல, நீங்க சொன்ன புட்டர்தான். அதுவும் இடதுபக்கமே போகுதே?"

இரண்டு காரணம். ஒன்று, பெரும்பாலான டிஸ்க் கடைசியில் கொஞ்சம் அப்படித்தான் போகும். வலது கை பேக்ஹேண்டில் வீசினால் மேலிருந்து பார்க்க டிஸ்க் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. வேகம் குறையும்போது காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுற்றுகிற பொருளை ஓர் இடத்தில் அழுத்தினால் அது கால் சுற்றுத் தள்ளித்தான் அசைந்துகொடுக்கும், பம்பரம் கீழே விழாமல் தலையைச் சாய்த்துக்கொண்டே வட்டம் போடுவது இதனால்தான். அதனால் முன்விளிம்பை மேலே தள்ளினால் இடது விளிம்பு தாழ்கிறது, டிஸ்க் இடப்பக்கம் சரிகிறது. சுற்று குறைவாக இருந்தால் இது சீக்கிரமே நடந்துவிடும்.

இரண்டாவது காரணம் கை. புதியவர்கள் எல்லாரும் டிஸ்க்கின் மூக்கை, அதாவது முன்விளிம்பை, மேலே தூக்கி விடுகிறார்கள். அது ஏணி ஏறுகிற மாதிரி ஏறி, நின்று, இடப்பக்கம் பொத்தென்று இறங்கும். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே மடக்கி, சாவியைத் திருகுகிற கோணத்தில் வைத்து, டிஸ்க்கை நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே கோட்டில் இழுத்து விடுங்கள். வட்டமாக வீசாதீர்கள். பலத்தைப் பாதியாகக் குறையுங்கள். பாதிப் பலத்தில் மூக்குத் தானாகவே அடங்கும், தூரம் கூடும். நம்ப மாட்டீர்கள், எறிந்து பாருங்கள்.

"எனக்கு அறுபத்தஞ்சு, முட்டி தேய்மானம். இதெல்லாம் ஆகுமா?"

நடக்க முடிகிறவருக்கு ஆகும். ஓடிவந்து எறிய வேண்டும் என்று சட்டம் இல்லை, நின்ற இடத்திலிருந்தே எறியலாம். முட்டியைவிடத் தோள்பட்டைக்குத்தான் கவனம் வேண்டும், ஆரம்பத்தில் முழுப் பலத்தில் எறிந்தால் மறுநாள் இலைக்குக் கை போகாது. 18 ஹோல் என்பது மேடு பள்ளத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேர நடை. முதலில் 9 போதும், அல்லது வீட்டுப் பக்கம் இருக்கும் மூன்று ஹோல் ஆடிவிட்டு வந்துவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்.

"ஆச்சி சேலைலதான் வருவாக. ஆடலாமா?"

தாராளமாக. கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டால் போதும், ஆனால் ஹவாய் செருப்பு வேண்டாம், ஷூவும் நீள சாக்ஸும் கட்டாயம். வேட்டிக்காரர்களுக்கும் இதே. அமெரிக்கப் பூங்காவில் புல்லுக்குள் உண்ணி இருக்கும், ஆட்டு உண்ணி மாதிரிச் சின்னது, கடித்தால் சில இடங்களில் லைம் என்ற காய்ச்சல் வரும். வீட்டுக்கு வந்ததும் கணுக்கால், முட்டி மடக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். இன்னொன்று, மூன்று மூன்று இலையாக மரத்தில் படர்ந்திருக்கும் பாய்சன் ஐவி. டிஸ்க் அதற்குள் விழுந்தால் கையை விட்டுத் தேடாதீர்கள், குச்சியால் இழுங்கள். பட்டால் கொப்புளம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் அரிக்கும்.

"அந்தப் பக்கம் தள்ளுவண்டில புள்ளைய வச்சு நடக்குறாங்க, இவன் இந்தப் பக்கம் எறியிறான். யார் மேலயாச்சும் பட்டா?"

இதுவரை கேட்டதிலேயே முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொதுப் பூங்காவில் நடைபாதையும் கோர்ஸும் ஒன்றையொன்று குறுக்கிடும். நடக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. அவருக்கு இது கோர்ஸ் என்றே தெரியாமல் இருக்கலாம், கூடையடியில் விரிப்புப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டுகூட இருக்கலாம். உங்கள் டிஸ்க் போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஆள் இருந்தால் எறியக் கூடாது. குறி வைத்த இடத்தை மட்டும் பார்த்தால் பற்றாது, இடதுபக்கக் கேள்வியில் பார்த்த மாதிரி புதியவர் டிஸ்க் குறியை விட்டு எங்கேயும் போகும், ஆகவே இரண்டு பக்கமும் முப்பது மீட்டர் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் ஓடிவந்தாலும் நிறுத்துங்கள். வளைவுக்கு அந்தப்பக்கம் தெரியாத ஹோல் என்றால் ஒருவர் முன்னால் போய் நின்று கையைக் காட்டட்டும்.

170 கிராம் கெட்டிப் பிளாஸ்டிக், நல்ல கை எறிந்தால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும். மண்டை உடையும். விசிட்டர் விசாவில் போனவருக்கு அங்கே ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எறிந்தபிறகு யார் பக்கமாவது போகிறது என்றால் உடனே "ஃபோர்!" என்று கத்த வேண்டும், வெட்கப்படாமல் வயிற்றிலிருந்து. அவசரத்தில் "ஏய் ஏய்" என்றுதான் நமக்கு வரும், அதுவும் பரவாயில்லை. அந்தச் சத்தம் உங்களை நோக்கி வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

"பின்னாடி நாலு பசங்க நின்னு மொறைக்கிறாங்க. நாங்க பொறுமையாத்தான் ஆடுறோம்."

முறைக்கவில்லை, காத்திருக்கிறார்கள். அடுத்த டீயில் ஒதுங்கி நின்று, முன்னால் போங்கள் என்று கையைக் காட்டுங்கள். மெதுவான குழு வேகமான குழுவுக்கு வழிவிடுவது இந்த ஆட்டத்தின் பழக்கம். அவர்கள் எறிவதை நின்று பார்த்தால் இலவசப் பாடமும் ஆச்சு. ஒருவர் எறிய நிற்கும்போது பேசுவது, டிஸ்க்கைத் தட்டிக்கொண்டிருப்பது, போனை ஸ்பீக்கரில் போட்டு ஊருக்குப் பேசுவது மூன்றும் கூடாது. மூன்றாவது குறிப்பாக நமக்கு.

"விழுந்த எடத்துல எப்படி நிக்கணும்? எவ்வளவு தள்ளி நிக்கலாம்?"

மினி என்று உள்ளங்கை அளவு குட்டி டிஸ்க் ஒன்று உண்டு. விழுந்த டிஸ்க்குக்கு முன்னால், கூடைப்பக்கம், அதைத் தொட்டாற்போல் மினியை வைத்துவிட்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்ளலாம். மினி இல்லாவிட்டால் டிஸ்க்கை அப்படியே விட்டு அதன் பின்னால் நின்று வேறு டிஸ்க்கை எறியலாம். கையை விடும் நேரத்தில் ஒரு காலாவது மினிக்கு நேர் பின்னால், 20 சென்டிமீட்டர் அகலம் 30 சென்டிமீட்டர் நீளக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும், மற்ற கால் கூடைக்குப் பக்கமாக மினியைத் தாண்டித் தரையில் ஊன்றக் கூடாது.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் இன்னொரு கட்டுப்பாடு: எறிந்தபின் முன்னால் சாய்ந்து காலடி வைக்கக் கூடாது. எறிந்து, நிலையாக நின்று, அப்புறம்தான் நகரலாம். பத்து மீட்டருக்கு வெளியே எறிந்த வேகத்தில் நடந்து போனால் தப்பில்லை.

மரக்கிளை முகத்துக்கு நேரே இருந்தால் அதை முறிக்கக் கூடாது, முழங்கையால் வளைத்துப் பிடிக்கவும் கூடாது. குனிந்தோ மண்டியிட்டோ எறியலாம், அதற்குத் தடையில்லை.

"சங்கிலில நல்லா பட்டுச்சு, ஆனா தெறிச்சு வெளிய விழுந்துருச்சு. கணக்குதானே?"

கணக்கில்லை. சத்தத்துக்கு மார்க் கிடையாது. டிஸ்க் கூடையில் தங்க வேண்டும், அல்லது சங்கிலியில் சிக்கித் தொங்க வேண்டும். கூடையின் மேல்மூடியில் போய் உட்கார்ந்துகொண்டாலும் கணக்கில்லை, எடுத்துக் கீழிருந்து மறுபடி போடுங்கள்.

"மரத்துல மாட்டிக்கிச்சு. தண்ணில விழுந்துருச்சு. ரெண்டுக்கும் என்ன பண்றது?"

மரத்தில் மாட்டினால், அதற்கு நேர் கீழே தரையில் உங்கள் இடம், அபராதம் இல்லை. தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் மாட்டினால் ஒரு வீச்சு அபராதம் என்று ஒரு விதி உண்டு, ஆனால் போட்டி நடத்துகிறவர் முன்கூட்டி அறிவித்தால்தான் அது செல்லும். இன்னொரு டிஸ்க்கை எறிந்து அதை இறக்கலாம் என்று தோன்றும். அப்புறம் மரத்தில் இரண்டு டிஸ்க் இருக்கும்.

குளம், ரோடு, வேலிக்கு அப்பால் இதெல்லாம் வழக்கமாக ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே. பலகையில் சிவப்பிலோ கோட்டிலோ காட்டியிருப்பார்கள். டிஸ்க் முழுசாக வெளியே கிடந்தால்தான் ஓபி, ஒரு விளிம்பு உள்ளே இருந்தாலும் தப்பித்தீர்கள். ஓபி என்றால் கணக்கில் ஒன்று கூட்டி, எல்லையை எங்கே தாண்டிப் போனதோ அங்கிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே வைத்து ஆடலாம். குளத்து டிஸ்க்கைத் தேடித் தண்ணீரில் இறங்காதீர்கள். பத்து டாலர்தான்.

"தொலைஞ்சே போச்சு. எவ்வளவு நேரம் தேடலாம்?"

விதிப்படி 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஒன்று கூட்டிக்கொண்டு, கடைசியாக எறிந்த இடத்துக்கே திரும்பிப் போய் எறிய வேண்டும். வீட்டு ஆட்களோடு ஆடும்போது இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் பின்னால் ஆள் நிற்கிறதா என்று பாருங்கள், மேலே வழிவிடும் கேள்வியில் சொன்னதுதான்.

டிஸ்க்கின் அடிப்பக்கம் பெயரும் போன் நம்பரும் மார்க்கர் பேனாவில் எழுதி வையுங்கள், அங்கத்து நம்பர். எடுத்தவர்கள் மெசேஜ் அனுப்பித் திருப்பித் தருவது அங்கே வழக்கம். நீங்கள் எடுத்தாலும் அப்படியே.

"தப்பான கூடைல போட்டுட்டேன். அப்ப அந்த ஹோல் முடிஞ்சதா?"

முடியவில்லை. ஆனால் அதற்கென்று தனி அபராதமும் இல்லை, அந்தக் கூடையிலிருந்து டிஸ்க்கை எடுத்துக் கீழே தரையில் இடம் வைத்து, சரியான கூடைக்கு எறியுங்கள். மூன்று கூடை ஒன்றாகத் தெரியும் பூங்காக்களில் எல்லாருக்கும் நடக்கும். கூடைத் தலையில் நம்பர் ஒட்டியிருக்கும், எறியுமுன் பாருங்கள்.

"ஒரு மரத்துல அம்புக்குறி போட்டு வச்சுருக்கான். அது வழிகாட்டியா?"

சில நேரம் அடுத்த டீக்கு வழி. சில நேரம் மேண்டட்டரி, சுருக்கமாக மேண்டோ: டிஸ்க் அந்த மரத்துக்கு அம்பு காட்டும் பக்கமாகத்தான் போக வேண்டும். நடைபாதைப் பக்கமோ ரோட்டுப் பக்கமோ யாரும் எறியாமல் இருக்க வைப்பதுதான் பெரும்பாலும். தப்பான பக்கம் போனால் ஒன்று கூட்டி, பலகையில் சொன்ன இடத்திலிருந்து எறிய வேண்டும், அப்படி இடம் குறிக்கவில்லை என்றால் பழைய இடத்திலிருந்தே.

"இத யாரு கண்டுபுடிச்சா? வெள்ளைக்காரன் வேலையத்துப் போய் ஆடுறதா?"

வேலையற்றுப் போய்த்தான், எல்லா விளையாட்டும் அப்படித்தானே. கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பிளாட்வொர்த் என்ற சிற்றூரில் 1926-லேயே பள்ளிப் பிள்ளைகள் தகர டப்பா மூடிகளை வீசி இதே மாதிரி ஆடியிருக்கிறார்கள். இன்று இருக்கும் வடிவத்தைக் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனியில் இருந்தபோது ஃப்ரிஸ்பி என்ற பறக்கும் தட்டை மேம்படுத்தி 1967-ல் காப்புரிமை வாங்கியவர். 1975-ல் கலிபோர்னியாவில் பாசடீனா பக்கம் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் கோர்ஸ் வந்தது. அங்கே முதலில் வெறும் கம்பங்கள்தான், கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று தகராறு வரும். அந்தத் தகராறைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடை. அதற்குக் காப்புரிமை 1977. நடுவில் 1976-ல் பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தையும் அவரே தொடங்கினார், முதலாம் நம்பர் உறுப்பினர் அவர்தான். 2002-ல் இறந்தபிறகு அவர் விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

வளரி எறிந்த சிவகங்கைச் சீமைக்காரர்கள் நாம், இதைப் பார்த்து ஆச்சரியப்படக் கூடாது என்று பொட்டலில் ஒரு பெரியவர் சொன்னார். சரிதான், ஆனால் அந்த வீரம் என் இடதுபக்கச் சாய்வைச் சரிசெய்யவில்லை.

"இதுல காசு பாக்குறவங்க இருக்காங்களா?"

இருக்கிறார்கள். பால் மெக்பெத் என்ற ஆட்டக்காரர் 2021-ல் டிஸ்க் செய்யும் டிஸ்கிராஃப்ட் கம்பெனியோடு பத்து வருடத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். பெண்களில் எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டட்டார் 2022, 2023 இரண்டிலும் உலகச் சாம்பியன். தூரத்தில் டேவிட் விக்கின்ஸ் 2016-ல் நெவாடாவில் 338 மீட்டர் எறிந்தார், பாலைவனக் காற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. நாம் 50 மீட்டர் நேராகப் போட்டால் அன்றைக்கு நல்ல நாள்.

"நம்ம ஊர்ல கோர்ஸ் இல்லையே, எங்க போய் ஆடுறது?"

கூடை கட்டாயம் இல்லை. மேலே ஓக் குரோவ் கதையில் சொன்னேனே, தொடங்கியதே கம்பத்தில்தான். பொட்டலில் வேப்பமரம், ஆலமரம், மைல்கல் என்று ஒன்பது இலக்கைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள், இடுப்புயரத்துக்குள் பட்டால் கணக்கு. கோவில் பக்கத்து மரம் வேண்டாம், ஊருணிக் கரை வேண்டாம், தண்ணீர் எடுக்க ஆள் வரும். பொட்டல் கோவிலுடையதா, தனியாருடையதா, பொதுவா என்று கேட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நம் ஊரில் நிலத்தைப் பற்றிக் கேட்காமல் செய்த எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.

கூடைதான் வேண்டும் என்றால் செய்துகொள்ளலாம். பழைய சைக்கிள் ரிம் ஒன்று, அதிலிருந்து தொங்க ஒரு பன்னிரண்டு துண்டுச் சங்கிலி, கீழே அகலமான இரும்புக் கூடை, நடுவில் ஒரு குழாய். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ஊஞ்சல் சங்கிலி அழகாகக் கிடைக்கிறதே என்று அதை மாட்டாதீர்கள். கனமான சங்கிலி அசையாது, டிஸ்க் சுவரில் பட்ட மாதிரி திரும்பி வரும். மெல்லிய நாய்ச் சங்கிலிதான் சரி, அது விலகிக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். வெளிவட்டம் ஒன்று, உள்வட்டம் ஒன்று என இரண்டு அடுக்காகத் தொங்கவிட்டு, அடியில் எல்லாவற்றையும் குழாயோடு ஒரு வளையத்தில் லேசாகத் தளர்வாகக் கோத்துவிடுங்கள். இறுக்கினால் மறுபடி ஊஞ்சல் சங்கிலிக் கதைதான்.

"நம்ம மண்ணுக்கு டிஸ்க் தாங்குமா? முள்ளு வேற."

சரளைச் செம்மண்ணில் விழுந்து தேய்ந்தால் விளிம்பு சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும், ஓரத்தில் பிசிறு தூக்கும். மெல்லிய உப்புத்தாளால் பிசிறை மட்டும் எடுங்கள், விளிம்பின் வடிவத்தை மாற்றாதீர்கள். விலை கூடின பிளாஸ்டிக் கூடுதலாகத் தாங்கும். சீமைக்கருவேல முள் டிஸ்க்கை ஒன்றும் செய்யாது, ஷூவின் அடியைத் துளைத்து உங்கள் காலைச் செய்யும். கண்மாய் வற்றிக் கிடக்கும் மாதங்களில் உள்ளே நல்ல சமதளம் கிடைக்கும், ஆனால் ஓரமெல்லாம் முள்தான். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மாடு மேய்ந்தால், தள்ளுவண்டிக் கேள்விக்குச் சொன்ன பதில் மாட்டுக்கும் பொருந்தும்.

"ஆடி மாசக் காத்துல எறிஞ்சேன், என்னென்னமோ ஆச்சு. இப்ப வலப்பக்கம் போகுது!"

எதிர்க்காற்றில் எறிந்திருப்பீர்கள். எதிர்க்காற்றில் டிஸ்க்குக்குத் தான் இன்னும் வேகமாகப் போவதாகக் கணக்கு, அதனால் மூன்றாவது நம்பர், அந்த வலப்பக்கத் திருப்பம், கூடிவிடும். பின்காற்றில் நேர்மாறு: மிதக்காது, திருப்பமும் வராது, சீக்கிரமே இடப்பக்கம் இறங்கும். ஆக எதிர்க்காற்றில் நாலாவது நம்பர் பெரிதாக உள்ள டிஸ்க்கை எடுத்துத் தாழ்வாக விடுங்கள், பின்காற்றில் மூன்றாவதில் கழித்தல் உள்ளதை எடுத்துக் கொஞ்சம் உயரமாக விடுங்கள். ஒரே புட்டர் வைத்திருப்பவர் எதிர்க்காற்றுக்கு டிஸ்க்கின் வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால், காற்று அதை நிமிர்த்தும்போது நேராகிவிடும். பக்கக்காற்றுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, சாயங்காலம் அடங்கியதும் ஆடுங்கள்.

"மகன் ஊர்லேர்ந்து வர்றான். என்ன வாங்கிட்டு வரச் சொல்ல? பெட்டில விடுவானா?"

விடுவார்கள், வெறும் பிளாஸ்டிக்தானே. போகும்போது சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வைத்த இடம் வரும்போது காலியாகத்தான் இருக்கும். துணி மடிப்புக்கு நடுவில் தட்டையாக வையுங்கள், ஷூவுக்கு அடியில் வைத்தால் வளைந்துவிடும். வளைந்தால் கொஞ்ச நேரம் இளவெந்நீரில் போட்டுத் தட்டையான இடத்தில் ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இரண்டு புட்டர், ஒரு மினி, இது போதும். கறுப்பு, பச்சை, செம்மண் கலர் மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் பொட்டலில் கண்ணுக்குத் தெரிவது மஞ்சளும் அடர்ரோஸும்தான்.